வீட்டில் நல்ல ஃபில்டர் காபி: பாத்திரம், கொட்டை, அரவை ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறை

திருமணமாகித் தனிக்குடித்தனம் வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்த ஃபில்டர் பத்துப் பேருக்கு டிகாக்ஷன் இறக்கக்கூடியது. இரண்டே பேருக்காக அதில் மூன்று கரண்டித் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றி மூடினால், ஐந்து நிமிடத்துக்குள் தண்ணீர் முழுவதும் கீழே இறங்கிவிடும். இறங்கியதன் நிறம் தேநீரை ஒத்திருக்கும். தூள் சரியில்லை என்று கடையை மாற்றினோம், பால் சரியில்லை என்று பாலை மாற்றினோம், கரண்டிக் கணக்கைக் கூட்டினோம். ஏறக்குறைய ஓராண்டுக்குப் பிறகு ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மா, ஒரு நாள் காலையில் மேல் அடுக்கைத் திறந்து பார்த்துவிட்டு, “இவ்வளவு அகலமான அடுக்கில் இத்தனூண்டு தூளைப் போட்டால் தண்ணீர் எங்கே நிற்கும்?” என்று கேட்டார். அன்று மாலையே பாத்திரக் கடைக்குப் போய் இரண்டு பேருக்கான சிறிய ஃபில்டர் ஒன்றை வாங்கினோம். மறுநாள், அதே தூளிலும் அதே பாலிலும், கையில் ஒட்டும் அளவுக்குக் கெட்டியான டிகாக்ஷன் இறங்கியது.

அன்று முதல் காபி சரியாக வரவில்லை என்று யார் சொன்னாலும் நான் கேட்பது இரண்டு கேள்விகள்தாம். உங்கள் ஃபில்டர் வீட்டு ஆள் கணக்குக்குப் பொருந்துகிறதா? உங்கள் தூள் அரைத்து எத்தனை நாளாகிறது? விலை உயர்ந்த கருவி எதையும் வாங்குவதற்கு முன்பு இந்த இரண்டையும் சரிசெய்துகொண்டால், பெரும்பாலான வீடுகளில் மேற்கொண்டு எதுவும் தேவைப்படுவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் மிகுந்த இடத்தை ஃபில்டருக்கும் கொட்டைக்கும் அரவைக்கும் கொடுத்திருக்கிறேன். மற்றக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

ஃபில்டரின் அளவு

தென்னிந்திய ஃபில்டர் என்பது நான்கு உறுப்புகள் கொண்ட எளிய பாத்திரம்: அடியில் துளையிட்ட மேல் அடுக்கு, டிகாக்ஷன் சேரும் கீழ் அடுக்கு, தூளின் மேல் வைக்கும் குடை (காம்புள்ள துளைத்தட்டு), எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூடி. இதில் சூட்டையும் நேரத்தையும் கட்டுப்படுத்தும் பொறி எதுவும் கிடையாது. தண்ணீர் எவ்வளவு நேரம் தூளோடு தங்கியிருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தூள் படுகையின் உயரமும் அரவையின் நயமும்தாம். படுகை மெலிதாக இருந்தால் தண்ணீர் சாரத்தை எடுக்காமலே ஓடிவிடும். அதனால்தான் பெரிய ஃபில்டரில் கொஞ்சமாகக் காபி போடுவது ஒருபோதும் சரிவருவதில்லை.

கணக்கை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு 15 கிராம் தூள், அதற்கு 75 மி.லி. தண்ணீர். இரண்டு பேருக்கு 30 கிராம் தூளும் 150 மி.லி. தண்ணீரும். ஈரமான தூள் தன் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்வதால், கீழே இறங்குவது சுமார் 90 மி.லி. டிகாக்ஷன், அது இரண்டு டம்ளர் காபிக்குப் போதும். 30 கிராம் தூள் 80 மி.லி. அளவு இடத்தை அடைக்கும். ஆகவே மேல் அடுக்கு 200 முதல் 220 மி.லி. வரை கொள்ளக்கூடியதாக இருந்தால் தூள் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத உயரத்தில் நிற்கும், தண்ணீரையும் ஒரே முறையில் ஊற்றிவிடலாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 400 மி.லி. கொள்ளும் மேல் அடுக்கு பொருந்தும். கடையில் ‘இரண்டு கப்’, ‘நான்கு கப்’ என்று சொல்வது கடைக்குக் கடை மாறும். எனவே அந்தப் பெயரை நம்பாமல், அளவுக்கோப்பையில் தண்ணீர் எடுத்து மேல் அடுக்கில் ஊற்றிப் பார்க்கும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். துளை வழியே ஒழுகும் என்று அவர் தயங்கினால், அதே அகலமும் உயரமும் கொண்ட ஒரு டம்ளரில் அளந்து காட்டச் சொல்லலாம்.

வீட்டில் வழக்கமாக இரண்டு பேரும், விழா நாட்களில் எட்டுப் பேரும் இருப்பார்கள் என்றால், சிறியது ஒன்றும் பெரியது ஒன்றுமாக இரண்டு ஃபில்டர்களை வைத்துக்கொள்வதே சரி. இரண்டுக்கும் நடுவில் ஒன்றை வாங்கினால் அது எந்த நாளுக்கும் பொருந்தாது.

துளைகளைப் பார்த்து வாங்குங்கள்

மேல் அடுக்கைக் கையில் எடுத்து, கடை வாசலில் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். நல்ல ஃபில்டரில் துளைகள் ஊசிமுனை அளவில், ஒரே சீராக, நட்சத்திரக் கூட்டம்போல ஒளிவிடும். சில துளைகள் பெரிதாகவும் சில பாதி அடைந்தும் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். அடிப்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால் பிசிறு தட்டக் கூடாது. பிசிறுள்ள துளையில் நாளடைவில் தூள் சிக்கிக்கொண்டு சொட்டு நின்றுவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது இரண்டு அடுக்குகளின் பொருத்தம். மேல் அடுக்கு ஆடாமல் உட்கார வேண்டும். ஆனால் திருகிவைத்ததுபோல இறுகவும் கூடாது. கீழே டிகாக்ஷன் சேரச் சேர அங்குள்ள காற்று வெளியேறியாக வேண்டும். அதற்கு வழியில்லாத ஃபில்டரில் சொட்டு பாதியில் நின்றுபோகும். மேல் அடுக்கை ஒரு முறை லேசாகத் தூக்கி வைத்தால் மறுபடியும் இறங்கத் தொடங்கும். உங்கள் வீட்டு ஃபில்டர் இப்படி அடிக்கடி நின்றால், தூளைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். குடை, அடுக்கின் உட்சுவரை உரசாமல் தளர்வாக இறங்க வேண்டும். பல வீடுகளில் முதலில் தொலைந்துபோவது இந்தக் குடைதான். அது இல்லாமல் தண்ணீரை ஊற்றினால் தூள் கலங்கி, நடுவில் பள்ளம் விழுந்து, தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியாக மட்டுமே இறங்கிவிடும்.

பித்தளையா எவர்சில்வரா என்ற கேள்விக்கு என் பதில், நாள்தோறும் பயன்படுத்த எவர்சில்வரே போதும் என்பதுதான். சூட்டைத் தக்கவைப்பதில் உலோகத்தின் பெயரைவிடத் தகட்டின் கனமே முக்கியம். பித்தளை ஃபில்டர்கள் கனமாகச் செய்யப்படுவதால் அவற்றில் டிகாக்ஷன் சூடாக இருக்கிறது. கனமான எவர்சில்வரிலும் அவ்வாறே இருக்கும். பித்தளையின் அழகும், பாட்டி வீட்டு நினைவும் வேண்டும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் டிகாக்ஷன் அமிலத்தன்மை உடையது. இரவில் இறக்கிவிட்டுக் காலை வரை பித்தளையில் நிற்க விடும் வழக்கமுள்ள வீடுகளில், உட்புறம் ஈயம் பூசப்பட்டிருக்க வேண்டும். அது வெள்ளீயமாக இருக்க வேண்டுமே தவிர, காரீயம் கலந்ததாக இருக்கக் கூடாது என்பதையும் பூசுபவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பூச்சு தேய்ந்து மஞ்சள் நிறம் தெரியத் தொடங்கியதும் மறுபடியும் பூச வேண்டும். டபரா டம்ளருக்கும் இதே விதிதான்.

கொட்டையைத் தேர்ந்தெடுப்பது

காபித்தூள் கடையில் எழுதிப் போட்டிருக்கும் பெயர்களைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தியாவில் விளைவது பெரும்பாலும் இரண்டு இனங்கள். அராபிகா உயரமான மலைச்சரிவுகளில், நிழல்மரங்களின் கீழ் வளர்வது; மணமும் மென்மையும் லேசான புளிப்பும் உடையது. ரொபஸ்டா தாழ்ந்த சரிவுகளில் வளர்வது. கசப்பும் கெட்டித்தன்மையும் மிகுந்தது. கஃபீன் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். நாட்டின் மொத்த விளைச்சலில் ரொபஸ்டாவே பெரும்பகுதி என்றாலும், ஃபில்டர் காபிக்கு அடித்தளமாக இருப்பது அராபிகாதான்.

பழத்தின் தோலையும் சதையையும் நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகாவுக்கு ‘பிளாண்டேஷன்’ என்று பெயர். அதில் 6.65 மி.மீ. துளையுள்ள சல்லடையில் நின்றுவிடும் பருமனான கொட்டை ‘பிளாண்டேஷன் ஏ’. அதைவிடப் பெரியது ‘டபுள் ஏ’. சிறியவை ‘பி’, ‘சி’ என்று போகும். பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்துப் பிறகு தோல் நீக்கினால் அது ‘செர்ரி’. கழுவிய கொட்டையில் சுவை தெளிவாக இருக்கும். செர்ரியில் கனமும் ஒருவிதப் பழவாசனையும் இருக்கும். கவனமில்லாமல் காயவைத்த செர்ரியில் மண்வாடை அடிக்கும். கழுவிய ரொபஸ்டாவை ‘பார்ச்மென்ட்’ என்பார்கள். ரொபஸ்டா வாங்குவதானால் அதையே கேட்டு வாங்குங்கள்.

‘பீபரி’ என்பது தனி இனம் அன்று. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு விதைகள் முகம் பார்த்தபடி தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒரு விதை மட்டுமே வளர்ந்து, பட்டாணிபோல உருண்டையாகிவிடுகிறது. அவற்றைப் பிரித்தெடுத்து விற்பதுதான் பீபரி. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது நன்றாக உருண்டு ஒரே சீராக வறுபடும் என்பது அதன் உண்மையான நன்மை. மற்றபடி, ஒரு நல்ல தோட்டத்தின் பிளாண்டேஷன் ஏ, சுமாரான தோட்டத்தின் பீபரியைவிட நல்ல காபியைத் தரும். பீபரியும் பிளாண்டேஷன் ஏயும் பாதிக்குப் பாதி கலப்பது நம் கடைகளில் நெடுநாளாக நடப்பது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அந்தக் கலவையைத்தான். பாலில் கலந்தபின் காபி மெலிதாகத் தெரிந்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கு கழுவிய ரொபஸ்டாவைச் சேர்த்துப் பாருங்கள்.

விளையும் இடத்தைப் பொறுத்தவரை, நாட்டின் விளைச்சலில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகத்திலிருந்து, அதாவது சிக்கமகளூரு, குடகு, ஹாசன் மாவட்டங்களிலிருந்து வருகிறது. கூர்க் அராபிகா, சிக்கமகளூர் அராபிகா, பாபாபுதன்கிரி அராபிகா, வயநாடு ரொபஸ்டா, அரக்குப் பள்ளத்தாக்கு அராபிகா ஆகிய ஐந்துக்கும் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் மலைகளை இந்த வரிசையில் மறந்துவிடக் கூடாது. சேர்வராயன் மலையில் ஏற்காடும், கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடியும் பண்ணைக்காடும், ஆனைமலையில் வால்பாறையும் நல்ல அராபிகா விளையும் இடங்கள். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அந்தச் சரிவுகளில் காபிச் செடியோடு மிளகும், ஆரஞ்சும், விருப்பாட்சி மலைவாழையும் சேர்ந்து வளர்வதை நேரில் பார்த்தவர்களுக்கு, ஒரு கிலோ கொட்டைக்குக் கூடுதலாகச் சில ரூபாய் கொடுப்பது பெரிதாகத் தோன்றாது. அராபிகா அறுவடை நவம்பர் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை நடக்கிறது. காய்ந்து, தரம் பிரித்து, கோடைக்குள் புதுக் கொட்டை கடைக்கு வந்துசேரும். கடைக்காரர் பழக்கமானவராக இருந்தால், ‘இந்த ஆண்டுக் கொட்டையா?’ என்று கேட்பதில் தவறில்லை.

சிக்கரி

சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை உலர்த்தி வறுத்துப் பொடித்தது. குஜராத்தில் மிகுதியாகப் பயிராகிறது. அதில் கஃபீன் கிடையாது. தண்ணீரில் காபியைவிட எளிதாகக் கரைந்து, டிகாக்ஷனுக்குக் கருநிறமும் கெட்டித்தன்மையும் கருகிய சர்க்கரையின் இனிப்பும் தருகிறது. தண்ணீரைப் பிடித்துவைத்துச் சொட்டை மெதுவாக்குகிறது. சிக்கரி சேர்ப்பது கலப்படம் என்று வெறுப்பவர்களும், அது இல்லாத காபி காபியே அன்று என்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், அளவோடு சேர்ந்த சிக்கரி நம் பால் காபிக்குப் பொருத்தமானது. ஆனால் அதற்குக் காபியின் விலையைக் கொடுக்கக் கூடாது.

காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றும், கலவையின் விகிதத்தை உறையில் குறிப்பிட வேண்டும் என்றும் இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. ஆகவே பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பெரிய எழுத்தில் காபி என்றிருக்கும் பல பொட்டலங்களில் சிறிய எழுத்தில் சிக்கரி 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 80 பங்கு காபிக்கு 20 பங்கு சிக்கரி என்று தொடங்குங்கள். பழகியபின் 85க்கு 15 என்று குறைத்துப் பார்த்தால், இதுவரை சிக்கரிக்குப் பின்னால் மறைந்திருந்த கொட்டையின் மணம் தெரியவரும். சிக்கரியே வேண்டாம் என்பவர்கள், டிகாக்ஷன் வேகமாகவும் மெலிதாகவும் இறங்கும் என்பதை எதிர்பார்த்து, தூளின் அளவைக் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். அரவையையும் சற்று நயமாகக் கேட்க வேண்டும்.

வாங்கிய தூளில் சிக்கரி இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, அதன் மேல் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவுங்கள். காபித்தூள் எண்ணெய்ப் பசையால் சற்று நேரம் மேலே மிதக்கும். சிக்கரித் துகள்கள் உடனே மூழ்கத் தொடங்கும்; மூழ்கும்போது ஒவ்வொரு துகளுக்குப் பின்னாலும் பழுப்பு நிறக் கோடு ஒன்று நூலிழைபோல நீளும். சிக்கரி மிகுதியாக இருந்தால், நிறம் விரைவாகப் பரவும்.

வறுவலும் அரவையும்

வறுத்த கொட்டை முதல் சில நாட்களுக்குக் கரியமில வாயுவை வெளியிட்டுக்கொண்டிருக்கும். வறுத்த மூன்றாம் நாள் முதல் இரண்டு, மூன்று வாரங்கள் வரை அதன் சுவை நன்றாக இருக்கும். தூளாக்கிவிட்டால் காற்றுப்படும் பரப்பு பல மடங்காகிவிடுவதால் மணம் வேகமாகப் போய்விடும். ஒரு மாதத்துக்குச் சேர்த்துத் தூள் வாங்கும் பழக்கத்தை மாற்றி, வாரத்துக்கு ஒரு முறை 200 கிராம் வாங்குவது, செலவே இல்லாமல் காபியை மேம்படுத்தும் வழி. பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பொட்டலம் கட்டிய தேதியே தவிர வறுத்த தேதி அன்று. ஆகவே கண் முன்னால் அரைத்துத் தரும் கடை அருகில் இருந்தால் அதையே நாடுங்கள். எந்த நாளில் வறுக்கிறார்கள் என்று கேட்டு, அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ போங்கள்.

வறுவல் நடுத்தரத்திலிருந்து சற்றே கருமை கூடியதாக இருப்பது பாலுக்குப் பொருந்தும். கொட்டை கருநிறத்தில் எண்ணெய் வழிய மின்னினால் அது மிகையாக வறுபட்டது. அதில் எந்தத் தோட்டத்துக் கொட்டையும் ஒரே கரிச்சுவைதான் தரும். இளம் வறுவலில் புளிப்பு மிகுதியாக இருப்பதால் பாலோடு இசையாது.

அரவையை விரலால்தான் அறிய வேண்டும். ஒரு சிட்டிகையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தால், தூள் உப்பைப்போல நெருநெருவென்று இருக்க வேண்டும். ரவைபோலப் பருபருவென்று இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். கோதுமை மாவுபோல வழுவழுவென்று ரேகையில் ஒட்டிக்கொண்டால் துளை அடைத்துக்கொள்ளும். கடையில் ‘ஃபில்டருக்கு’ என்று சொன்னாலே போதும் என்றாலும், முதல் முறை கொஞ்சமாக அரைக்கச் சொல்லித் தேய்த்துப் பாருங்கள். அரைத்த தூள் கையில் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டோடு டப்பாவில் அடைக்காமல், வீட்டுக்கு வந்து சற்று ஆறவிட்ட பின் காற்றுப்புகாத எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்து நாள்தோறும் வெளியே எடுத்தால் தூளில் ஈரம் கோத்துக்கொள்ளும். அடுப்பிலிருந்து விலகிய இருட்டான அலமாரியே நல்லது.

வீட்டிலேயே அரைக்க விரும்புபவர்கள் மிக்ஸியை நம்ப வேண்டாம். மிக்ஸியின் கத்தி கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறதே தவிர அரைப்பதில்லை. ஒரே சுற்றில் மாவும் குருணையுமாக வரும். மாவு கசப்பைக் கொடுக்கும், குருணை தன் சாரத்தைக் கொடுக்காமலே நிற்கும். வேறு வழியில்லை என்றால், இரண்டிரண்டு நொடியாக விட்டுவிட்டு ஓட்டி, நடுநடுவே ஜாடியைக் குலுக்கி, தேநீர் வடிகட்டியில் சலித்துக் குருணையை மறுபடியும் ஓட்டுங்கள். முன்னாளில் நம் வீடுகளில் பலகை ஓரத்தில் திருகிவைத்துக் கைப்பிடியைச் சுழற்றி அரைத்த இயந்திரம் சரியான கருவி. அதில் கொட்டை இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் நசுங்கி, அவற்றின் இடைவெளிக்கு ஏற்ற ஒரே அளவில் விழும். அதே அமைப்பில், எஃகுப் பல்லோடு, கைக்கு அடக்கமான அரவைக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. 30 கிராம் அரைக்க இரண்டு, மூன்று நிமிடமாகும். கருவிக்கென்று செலவிட உங்களிடம் ஒரு தொகை இருந்தால், அதை முழுவதும் இதற்கே செலவிடுங்கள். சிக்கரியை மட்டும் இதில் போடாதீர்கள்; தனியே தூளாக வாங்கி, அரைத்தபின் கலந்துகொள்ளலாம்.

இதற்கு அடுத்தபடி வாங்க வேண்டியது ஒரு கிராம் வரை காட்டும் சிறிய சமையலறைத் தராசு. ஒருவர் அள்ளும் குவியல் கரண்டிக்கும் இன்னொருவர் அள்ளும் குவியல் கரண்டிக்கும் இருக்கும் வேறுபாடுதான், ஒரே வீட்டில் திங்கட்கிழமைக் காபியும் செவ்வாய்க்கிழமைக் காபியும் வேறாக இருப்பதற்குக் காரணம்.

தண்ணீரும் பாலும்

தண்ணீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 75 முதல் 250 மில்லிகிராம் வரை இருப்பது காபிக்கு உகந்தது; 150 அளவில் இருந்தால் மிக நன்று. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் இதைவிடப் பல மடங்கு கடினமானது. அதில் காபியின் மணம் மங்கிவிடும். மறுபுறம், வீட்டுச் சுத்திகரிப்பு இயந்திரம் உப்பை அறவே நீக்கித் தரும் தண்ணீரில் காபி சப்பென்று இருக்கும். அந்த இயந்திரங்கள் பலவற்றில் உப்பின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று இருக்கிறது. பழுதுபார்க்க வருபவரிடம் சொல்லி 100க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

‘டிகிரி காபி’ என்ற பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று, பால்மானியில் அளந்து பார்த்த, தண்ணீர் கலக்காத பாலில் போட்ட காபி என்பது. பெயரின் வரலாறு எதுவாக இருந்தாலும் அறிவுரை சரியானது. ஆவின் பாலில் நீல நிறப் பையில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். பச்சை நிறப் பாலே அன்றாடக் காபிக்கு அளவானது என்பது என் அனுபவம். ஆரஞ்சு, சிக்கரி இல்லாத காபிக்கு நன்றாகப் பொருந்துகிறது. பாலில் தண்ணீர் சேர்க்காதீர்கள். ஒரு முறை பொங்கியவுடன் இறக்கிக் கலந்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய பாலில் ஒரு தீய்ந்த வாடை ஏறி, எந்தக் கொட்டையின் மணத்தையும் அமுக்கிவிடும்.

டிகாக்ஷன் இறக்குவது

மேல் அடுக்கை வெந்நீரில் அலசி, ஈரம் இல்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். 30 கிராம் தூளைப் போட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் மேற்பரப்பு சமமாகும். குடையை வைத்து, அதன் எடைக்குமேல் ஒரு சிறு அழுத்தம் மட்டும் கொடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் கழித்து, 30 மி.லி. அளவுக்குக் குடையின் மேல் வட்டமாக ஊற்றுங்கள். இந்த முதல் தண்ணீர் கீழே இறங்குவதற்காக அன்று. தூள் ஊறி உப்புவதற்காக. புதிய தூளாக இருந்தால் ஓரங்களில் சிறு நுரைக் குமிழிகள் எழுந்து உடைவதைக் காணலாம். பழைய தூளில் அந்த அசைவே இருக்காது. ஒரு நிமிடம் காத்திருந்து, மீதித் தண்ணீரை மெதுவாக ஊற்றி மூடிவிடுங்கள்.

சிறிது நேரத்தில் காதை அருகில் வைத்தால் சொட்டும் ஓசை கேட்கும். முழுவதும் இறங்க 15 முதல் 20 நிமிடம் ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டால் அரவை பருமனாக இருக்கிறது, அல்லது தூள் போதவில்லை. முக்கால் மணி நேரமாகியும் மேலே தண்ணீர் நின்றால் அரவை மாவாக இருக்கிறது, அல்லது குடையை அதிகமாக அழுத்திவிட்டீர்கள், அல்லது துளைகள் அடைந்திருக்கின்றன. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். தூளையும் அரவையையும் அளவையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது. இறங்கிய டிகாக்ஷன் மெலிதாகவும் புளிப்பாகவும் இருந்தால் அரவையை நயமாக்குங்கள். நாக்கில் வறண்ட கசப்பு தங்கினால் சற்றுப் பருமனாக்குங்கள்.

டம்ளரில் முதலில் சர்க்கரை, அதன் மேல் 40 முதல் 45 மி.லி. டிகாக்ஷன், பிறகு 100 மி.லி. சூடான பால். டபராவில் நான்கைந்து முறை ஆற்றினால் நுரையும் வரும், நாக்கு பொறுக்கும் சூட்டுக்கும் வந்துசேரும். டிகாக்ஷனை ஒருபோதும் அடுப்பில் நேராக வைத்துச் சூடாக்காதீர்கள். ஆறிப்போயிருந்தால் அந்தப் பாத்திரத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் போதும். அதே தூளில் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றி இறக்குவதைச் சிக்கனம் என்று நினைக்கும் வீடுகள் உண்டு. முதல் இறக்கத்தில் நல்ல சாரம் போய்விட்ட பிறகு எஞ்சுவது பெரும்பாலும் கசப்புதான். அதை முதல் டிகாக்ஷனில் கலந்தால் இரண்டுமே கெடும்.

மற்றக் கருவிகள்

பால் சேர்க்காமல் குடிப்பவர்களுக்கும், காத்திருக்க நேரமில்லாதவர்களுக்கும் வேறு கருவிகள் உதவும். இத்தாலியில் 1933ஆம் ஆண்டில் உருவான, அடுப்பில் வைக்கும் ஈரடுக்குப் பாத்திரமான மோக்கா பாட், ஐந்து நிமிடத்தில் நம் டிகாக்ஷனுக்கு நெருக்கமான கெட்டிக் காபியைத் தரும். கீழ்க்கலத்தில் வெந்நீரையே ஊற்றி, குறைந்த தீயில் வைத்து, கடகடவென்று சத்தம் வரத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். அலுமினியத்தால் ஆனது இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது என்பதைக் கவனித்து வாங்குங்கள். தூளை வெந்நீரில் ஊறவிட்டு, வலைத்தட்டை அழுத்தி வடிக்கும் ஃபிரெஞ்சு பிரஸ்ஸுக்குப் பருமனான அரவையும், ஒரு பங்கு தூளுக்கு 15 பங்கு தண்ணீரும், நான்கு நிமிட ஊறலும் தேவை. காகித வடிகட்டியில் ஊற்றி இறக்கும் முறையில் இளம் வறுவல் அராபிகாவின் நுட்பமான மணங்கள் தெளிவாகத் தெரியும். ஆனால் அதில் பால் கலந்தால் அத்தனையும் மறைந்துவிடும். ஆகவே பால் காபி மட்டும் குடிக்கும் வீட்டில் அதற்குச் செலவிடத் தேவையில்லை.

ஃபில்டரைப் பேணுவது

தூளைக் கொட்டியதும் சோப்பு போடாமல் வெந்நீரில் அலசினாலே அன்றாடத்துக்குப் போதும். சோப்பின் வாசனை துளைகளில் தங்கிக்கொள்ளும். காபியின் எண்ணெய்ப் பசை நாளடைவில் துளைகளுக்குள் படிந்து கெட்டியாகும். அந்தப் பழைய எண்ணெயின் சிக்கு வாடை புதிய டிகாக்ஷனிலும் ஏறும். மாதம் ஒரு முறை, எவர்சில்வர் மேல் அடுக்கை இடுக்கியால் பிடித்து, அடிப்புறத்தை அடுப்புத் தீயில் ஒரு நிமிடம் காட்டுங்கள். படிந்திருந்தது புகைந்து கருகி உதிரும். ஆறியபின் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இன்னும் இருண்டிருக்கும் துளையை ஊசியின் முனையால் மெல்லக் குத்தினால் போதும். அழுத்திக் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடக் கூடாது. ஈயம் பூசிய பித்தளையை மட்டும் தீயில் காட்டாதீர்கள், பூச்சு உருகிவிடும். அதைக் கொதிநீரில் சமையல் சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவலாம். கழுவிய அடுக்குகளைக் கவிழ்த்து வைத்து, முழுவதும் காய்ந்த பிறகே மறுநாளைக்குத் தூளை நிரப்புங்கள்.